ஜாஸ் கேட்க ஓர் ஊர், ப்ளூஸ் கேட்க வேறோர் ஊர்

பழைய பாணி ஜாஸையும் ப்ளூஸையும் அவை பிறந்த மண்ணிலேயே கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடக்கும் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் விழாவைத்தான். பெயரிலேயே ஜாஸ் இருக்கிறது, ஊரும் ஜாஸ் பிறந்த ஊர். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் இரண்டு வாரக்கடைசிகள் நடக்கிறது. வேறென்ன வேண்டும் என்று டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அங்கே போய் இறங்கினால் பெரிய மேடையில் ராக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும். 2024இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே வந்து வாசித்தது.

அந்த விழா மோசம் என்று சொல்ல வரவில்லை. அதற்குள் நல்ல பழைய ஜாஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அது பல தேர்வுகளில் ஒன்று, அவ்வளவுதான். விமானச் செலவும் விடுப்பும் ஒரு தடவைக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஹூஸ்டனிலோ டாலஸிலோ இருப்பவர்களுக்குக் காரிலேயே போய்விடலாம் என்பதால் கவலை குறைவு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

நான் எதை வைத்து அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெயர் போஸ்டரில் பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து அல்ல. வாசிக்கிறவருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை அடி தூரம் என்பதை வைத்து.

காரணம் இருக்கிறது. பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும், கிளாரினெட் அதற்கு மேலே கொடி படர்வதுபோல் சுற்றும், ட்ராம்போன் கீழே இருந்து இழுத்து இழுத்துத் தள்ளும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். பிற்கால ஜாஸில்போல் ஒருவர் தனியாக வாசிக்க மற்றவர்கள் காத்திருப்பது இதில் குறைவு. பின்னால் பாஞ்சோ, டூபா அல்லது டபுள் பாஸ், ட்ரம்ஸ். முன்னால் ஒலிக்கும் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன் மூன்றின் குரல்களும் தனித்தனியாகக் காதில் விழுந்தால்தான் சுவை. இருநூறு மீட்டர் தள்ளி நின்று ஒலிபெருக்கியில் கேட்டால் மூன்றும் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். இது நடன அரங்குகளுக்கும் தெரு ஊர்வலங்களுக்கும் சவ ஊர்வலங்களுக்கும் உண்டான இசை. மிசிசிப்பி ப்ளூஸுக்கும் இதே கதைதான். ஒரு கிட்டார், ஒரு குரல், மிஞ்சிப் போனால் ஒரு ட்ரம்ஸ். வாசிக்கிறவர் காலால் தட்டும் தாளமும் பாட்டில் ஒரு பகுதி. அது கேட்காத தூரத்தில் உட்கார்ந்தால் வீட்டிலிருந்தே கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

பெரிய விழா: கூடாரத்தை விட்டு நகராதவர்களுக்கு

ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் விழா 1970இல் தொடங்கியது. நியூபோர்ட் ஜாஸ் விழாவை உருவாக்கிய ஜார்ஜ் வெய்ன் ஏற்பாடு செய்தார். இடம் காங்கோ சதுக்கம். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பறைகள் முழக்கி ஆடிய அதே இடம். முதல் வருடம் டியூக் எலிங்டனும் மஹாலியா ஜாக்சனும் வந்தார்கள், ஆனால் கேட்க வந்தவர்கள் சில நூறு பேர்தான். 1972இல் விழா குதிரைப் பந்தய மைதானத்துக்கு மாறியது. இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது. பந்தய மைதானம் என்றால் எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 7 மணிக்கு முடியும். பத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் ஒரே நேரத்தில் கச்சேரி.

பழைய ஜாஸ் தேடிப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று: எகானமி ஹால் கூடாரம். ட்ரெமே பகுதியில் கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று நடத்திய பழைய நடன அரங்கின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே நாற்காலிகள், மேடைக்கு முன்னால் ஆட இடம். நாள் முழுக்க ஒரு குழு மாற்றி ஒரு குழுவாகப் பழைய ஜாஸ்தான். கிளாரினெட் வாசிக்கும் டாக்டர் மைக்கேல் வைட் போன்றவர்களை அங்கே கேட்கலாம். அவர் வாசிப்பவர் மட்டுமல்ல, அந்த இசையின் வரலாற்றைக் கற்பிக்கும் பேராசிரியரும்கூட. பாட்டு சூடு பிடித்ததும் கூட்டத்திலிருந்து யாராவது ஜிகினா ஒட்டிய குடையை விரித்து எழுந்து நடக்க ஆரம்பிப்பார்கள். பின்னாலேயே ஒரு வரிசை சேரும். அதுதான் செகண்ட் லைன். ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள் முதல் வரிசை, பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஜனங்கள் இரண்டாம் வரிசை. நீங்கள் வெறுமனே வேடிக்கை பார்க்க அவர்கள் விடமாட்டார்கள். எழுந்து சேர்ந்துகொள்ளுங்கள், வெட்கப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை.

இந்த ஒரு கூடாரத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாமா? எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஒரு நாள் டிக்கெட் ஏறக்குறைய 100 டாலர். அவ்வளவு கொடுத்துவிட்டோமே என்று எல்லா மேடைகளையும் ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் எதுவும் மிஞ்சாது. வெயிலில் நடந்தே பாதி நாள் போய்விடும். மழை பெய்திருந்தால் மைதானம் சேறு. விழாக்காரர்கள் அன்றாட நிகழ்ச்சி அட்டவணையை வெளியிடுவார்கள், உள்ளூர்க்காரர்கள் அதை க்யூப்ஸ் என்பார்கள். அதில் எகானமி ஹால், சுவிசேஷப் பாடல்களுக்கான காஸ்பல் கூடாரம் இரண்டையும் மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு போகிறவர் கொடுத்த காசை மீட்டுவிடுவார். பெரிய மேடையில் உலகப் புகழ் பெற்ற யாராவது அன்றைய கடைசிக் கச்சேரி வாசிக்கும் நேரத்தில் ஜனம் அந்தப் பக்கம் போகும். கூடாரத்தில் முன் வரிசை பிடிக்க நல்ல நேரம் அது.

ப்ளூஸ் கூடாரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெரிய கலைஞர்கள் வருவார்கள், உண்மைதான். ஆனால் அங்கே ஒலி பெரிது, கூட்டம் நெருக்கம், ராக் பக்கம் சாய்ந்த கிட்டார் அதிகம். கிராமத்து ப்ளூஸ் வேண்டும் என்கிறவருக்கு இது பொருந்தாது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இந்த விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடத்தான் வருகிறார்களோ என்று சந்தேகம் வரும். சின்ன சிங்கி இறால்போல் இருக்கும் நன்னீர்க் கிராஃபிஷ் போட்ட பாஸ்தாவுக்கு நீண்ட வரிசை நிற்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஊர் முழுவதுமே சிரமம்தான். சிவப்பு பீன்ஸும் சோறும் என்று பலகையில் இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் இந்த மைதானத்தில் ஜமா ஜமா என்று ஒன்று உண்டு: மேற்கு ஆப்பிரிக்க முறையில் வதக்கிய கீரை, கூடவே பொரித்த வாழை. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

இலவசமான விழா, எனக்குப் பிடித்தது

அதே ஊரில் ஏப்ரல் மாதத்தில், பெரிய விழாவுக்கு ஓரிரு வாரங்கள் முன்பே, பிரெஞ்சு குவார்ட்டர் விழா நடக்கிறது. வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1984இல் தொடங்கியது. பழைய ஊர்ப்பகுதியின் நடைபாதைகளைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் போன உள்ளூர்க்காரர்களைத் திரும்ப வரவழைக்க ஆரம்பித்தது. அதனால் இன்றுவரை மேடையேறுபவர்கள் பெரும்பாலும் லூசியானாக்காரர்களே. வெளியூர் நட்சத்திரங்களைக் காசு கொடுத்து வரவழைக்கும் பழக்கம் இல்லை. செலவை விளம்பரதாரர்களும் உணவு, பான விற்பனையும் ஈடுகட்டுகின்றன. எனவே அங்கே குடிக்கிற தண்ணீரையாவது விழாக் கடையிலேயே வாங்குங்கள், அதுதான் டிக்கெட்.

என் அளவுகோலில் இந்த விழாதான் முதலில் நிற்கிறது. மேடைகள் மைதானத்தில் இல்லை. தெருக்களிலும் சதுக்கத்திலும் ஆற்றங்கரையிலும் கட்டட முற்றங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஜாக்சன் சதுக்கத்திலும் பிரெஞ்சு மார்க்கெட் பக்கமும் பழைய ஜாஸ் குழுக்களைத் தேடுங்கள். பழைய நாணயச் சாலைக் கட்டடத்தில் ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் கச்சேரி உண்டு. ட்ராம்போன்காரரின் கன்னம் உப்புவது தெரியும் தூரத்தில் நிற்கலாம். ஆற்றங்கரையின் பெரிய மேடைகளில் பித்தளை வாத்தியக் குழுக்களும் ஃபங்க் குழுக்களும் கூட்டத்தை இழுக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் வந்த காரியம் வேறு.

மேடைக்கு வெளியேயும் இசை நிற்காது. ராயல் தெருவில் ஆண்டு முழுக்கத் தெருக்கலைஞர்கள் வாசிப்பார்கள். டொரீன் கெச்சன்ஸ் என்ற கிளாரினெட் கலைஞர் தெரு முனையில் நாற்காலி போட்டு வாசித்தே உலகப் புகழ் பெற்றவர். டூபா ஸ்கின்னி என்ற குழுவும் அதே தெருவிலிருந்து கிளம்பியதுதான். 1920களின் பாட்டுகளைத் தோண்டி எடுத்து, மைக் இல்லாமல் வாசித்து வளர்ந்தார்கள். இவர்களைப் போன்றவர்களைக் கேட்க நேர்ந்தால், தட்டில் ஐந்து பத்து டாலர் போடாமல் நகராதீர்கள். வீடியோ எடுத்துக்கொண்டு நழுவுகிற கூட்டத்தில் நாமும் ஒருவராக வேண்டாம்.

குறைகளும் உண்டு. உட்கார இடம் கிடைக்காது. மடக்கு நாற்காலி கொண்டு போகலாம், தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கழிப்பறைக்கு வரிசை. சனிக்கிழமை மாலை நெரிசல் தாங்காது, அதனால் வியாழனும் வெள்ளியும் போவது புத்திசாலித்தனம். விடுதி வாடகை அந்த நான்கு நாளும் எகிறிவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அறையில் கொடுத்துவிடுவீர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராம் ஓடும் தடத்தில், கொஞ்சம் தள்ளி அறை பிடித்தால் சமாளிக்கலாம். கார் வேண்டவே வேண்டாம். காலையில் ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே சிக்கரி கலந்த காபி கிடைக்கும். ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்காவிலேயே வீட்டு வாசனை அடிக்கிற காபி அதுதான் என்பது என் கட்சி.

ஏப்ரலில் வர முடியாது, அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையில்தான் முடியும் என்பவர்களுக்கு ஆகஸ்ட் முதல் வாரக்கடைசியில் சாட்ச்மோ சம்மர்ஃபெஸ்ட் இருக்கிறது. சாட்ச்மோ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பிறந்தநாளை ஒட்டி 2001இல் தொடங்கிய சிறிய விழா. கட்டணம் சொற்பம். அவர் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே கடைசிவரை சொல்லிவந்தார். அவர் இறந்த பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று கண்டுபிடித்தார்கள். ஞாயிறு காலை ட்ரெமே பகுதியின் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் ஜாஸ் இசையோடு வழிபாடு, அது முடிந்ததும் ஊர்வலம். இசையில் பழைய ஜாஸ் நிறைய. ஆனால் அந்த வெயிலும் புழுக்கமும் மே மாதச் சென்னைக்குக் குறைந்ததல்ல. வெயிலுக்குப் பயந்தவர்கள் வேண்டாம்.

ப்ளூஸுக்கு வடக்கே போக வேண்டும்

நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வடக்கே போனால் கிளார்க்ஸ்டேல் வரும். மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டாவில், பருத்திக் காடுகளுக்கு நடுவே, சுமார் 15,000 பேர் வாழும் ஊர். டெல்டா என்றதும் நம் காவிரி டெல்டாபோல் செழிப்பைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மண் வளமானது, மக்கள் ஏழைகள். பூட்டிய கடைகள் நிறைய இருக்கும். ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் வளர்ந்தது இதை ஒட்டிய ஸ்டோவல் பண்ணையில். அவர் குடியிருந்த குடிசையின் மரக்கட்டைகளை இன்று ஊரிலுள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937இல் கார் விபத்தில் அடிபட்டு உயிர் விட்டதும் இந்த ஊரில்தான். அப்போது கறுப்பின மக்களுக்கான மருத்துவமனையாக இருந்த கட்டடம் பிற்பாடு ரிவர்சைட் ஹோட்டல் என்ற விடுதியாக மாறியது.

இங்கே 2004 முதல் ஏப்ரலில் ஜூக் ஜாயின்ட் விழா நடக்கிறது. ஜூக் ஜாயின்ட் என்பது வேலை முடிந்து வந்த பண்ணைக் கூலிகள் குடிக்கவும் ஆடவும் கூடிய சின்னக் கொட்டகை. சனிக்கிழமை பகலில் ஊர்த் தெருக்களில் சிறுசிறு மேடைகள், எல்லாம் இலவசம். கடை வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள், நீங்கள் எதிரே நடைபாதையில் உட்காரலாம். பன்றிக் குட்டிகளுக்கு ஓட்டப் பந்தயம்கூட வைப்பார்கள், குழந்தைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். அப்புறம் இருட்டியதும் விழா உள்ளே போய்விடும். மணிக்கட்டில் ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டால் ஊரிலுள்ள கொட்டகைகளில் எதிலும் நுழையலாம். நடிகர் மார்கன் ஃப்ரீமன் பங்குதாரராக இருக்கும் கிரவுண்ட் ஜீரோ ப்ளூஸ் கிளப்பும் அதில் ஒன்று. அது சுற்றுலாப் பயணிகளுக்குத் தோதானது.

நான் சொல்வது ரெட்ஸ் லவுஞ்ச். தாழ்ந்த கூரை, சிவப்பு விளக்கு, மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வாசிக்கிறவர் நீங்கள் நிற்கும் அதே தரையில் உட்கார்ந்திருப்பார். அதை நடத்திவந்த ரெட் பேடன் 2023 கடைசியில் காலமானார்.

இந்தப் பக்கத்து ப்ளூஸ் ஒரே மாதிரி இல்லை என்பது நேரில் கேட்டால்தான் புரியும். கிழக்கே மேட்டு நிலத்துப் பாணியில் சுரம் அவ்வளவாக மாறாது, ஒரே தாள வளையம் சுற்றிச் சுற்றி வந்து ஆளை ஆட வைத்துவிடும். அந்தப் பாணியின் பழைய கலைஞர் ஆர்.எல். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பர்ன்சைட் இன்றைக்கு அதைச் சுமந்து நிற்கிறார், 2022இல் கிராமி வாங்கினார். தெற்கே பென்டோனியா ஊருக்குத் தனியாக ஒரு பாணி. சோகம் தோய்ந்த கம்பிச் சுருதி. ஜிம்மி டக் ஹோம்ஸ் தன் சின்ன கஃபேயை நடத்திக்கொண்டே அதை வாசிக்கிறார். பெரிய விழா மேடையில் இந்த வித்தியாசங்கள் எல்லாம் ஒலிக்கலவைப் பெட்டியில் கரைந்துவிடும்.

கிளார்க்ஸ்டேலின் பெரிய தொல்லை அறை. ஊரில் இருப்பதே கொஞ்சம், அதுவும் வெகு முன்னாலேயே போய்விடும். மெம்ஃபிஸ் விமான நிலையத்தில் இறங்கி, கார் எடுத்து, 61ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வந்துவிடலாம். கொட்டகைகளில் இரவு வெகுநேரம் ஆகும் என்பதால் மெம்ஃபிஸிலேயே தங்கிக்கொண்டு வந்து போவது சரிப்படாது. குடிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ரயிலில் வரலாமா என்று கேட்பார்கள். மார்க்ஸ் என்ற நிலையத்தில் 2018 முதல் ரயில் நிற்கிறது, கிளார்க்ஸ்டேலுக்குச் சுமார் இருபது மைல். இறங்கியபின் உங்களைக் கூட்டிப் போக வண்டி ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சாவின் ஹெலினாவில், அக்டோபரில் கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழா. 1986இல் தொடங்கியது. கேஎஃப்எஃப்ஏ வானொலியில் 1941 முதல் வந்துகொண்டிருக்கும் ஒரு நண்பகல் நிகழ்ச்சியின் பெயர் அது. மாவு விற்கும் கம்பெனியின் விளம்பரத்துக்காகத் தொடங்கி, ஹார்மோனிகா கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனை டெல்டா முழுவதும் கொண்டு சேர்த்தது. விழாவில் ஆற்றுக் கரைமேடே உட்காரும் படிக்கட்டு. சரிவில் நாற்காலி போட்டு நாள் முழுக்கக் கேட்கலாம். இது கிளார்க்ஸ்டேலுக்கும் பெரிய விழாக்களுக்கும் நடுத்தரம். முக்கிய மேடைக்குக் கட்டணம், செர்ரி தெருவில் இலவசமாகச் சின்ன மேடைகள். பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால், கொட்டகையில் நள்ளிரவு வரை நிற்க முடியாது என்றால், இதுவே மேல். அக்டோபரில் வெயிலும் இதம்.

சிகாகோ ப்ளூஸ் விழாவையும் சிலர் சொல்வார்கள். ஜூனில், மில்லேனியம் பூங்காவில், இலவசம், நகராட்சியே நடத்துகிறது. வேலை தேடி மிசிசிப்பியிலிருந்து வடக்கே போனவர்கள் கிட்டாரை மின்சாரத்தில் இணைத்த ஊர் அது. அந்த மின்சார ப்ளூஸ் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம். கிராமத்து ப்ளூஸ் தேடுகிறவர்களுக்கு அது வேறு வகுப்பு.

நாட்காட்டிச் சிக்கல்

இப்படியெல்லாம் படித்துவிட்டு, ஏப்ரலில் பிரெஞ்சு குவார்ட்டர் விழாவையும் ஜூக் ஜாயின்ட் விழாவையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போடுவார்கள். 2024இல் இரண்டும் ஏப்ரல் 11 முதல் 14 வரை, ஒரே நாட்கள். இப்படி மோதும் வருடத்தில் வியாழனும் வெள்ளியும் நியூ ஆர்லியன்ஸில் இருந்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் கிளார்க்ஸ்டேல் சேர்வது முடியாத காரியம் அல்ல. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் நானே அப்படிச் செய்யச் சொல்வேன். தெரு மேடைகளில் பாதி போய்விடும், ஆனால் இரவுக் கொட்டகைகள் முழுதாகக் கிடைக்கும். தனியாக ஓட்டுகிறவர், குழந்தைகளோடு போகிறவர் ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஜாஸ் முன்னாலேயே கேட்டுப் பழகாதவருக்கு நியூ ஆர்லியன்ஸ். ஏற்கெனவே ப்ளூஸ் பைத்தியம் என்றால் யோசிக்காமல் கிளார்க்ஸ்டேல்.

எந்த விழாவுக்கும் தேதி ஒத்துவரவில்லையா? பரவாயில்லை. நியூ ஆர்லியன்ஸில் செயின்ட் பீட்டர் தெருவில் 1961 முதல் பிரிசர்வேஷன் ஹால் இருக்கிறது. சின்ன அறை, குடிக்க எதுவும் கிடையாது, மரப் பெஞ்சுகள், கட்டணத்துக்கு முக்கால் மணி நேரம் அளவில் ஒரு கச்சேரி. ஒரே மாலையில் இப்படிப் பல நடக்கும். முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்க வேண்டாம். அது முடிந்ததும் ஃப்ரெஞ்ச்மென் தெருவுக்கு நடந்தால் வாசலுக்கு வாசல் ஒரு குழு. மும்பையில் 2011இல் தொடங்கிய மஹிந்திரா ப்ளூஸ் விழாவும் பிப்ரவரி மாதத்து வழக்கம். சிகாகோ ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை போன்றவர்களே அங்கே வந்து வாசித்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம், விசாவும் தேவையில்லை. ஆனால் பழைய ஜாஸை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.